காலிப் பெட்டியில் பதினாறு பட்டன்

என் வேலை குறை கண்டுபிடிப்பது. கிண்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதியதைத் தட்டிப் பார்த்து, இங்கே ஓட்டை, அங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இந்தப் பழக்கம் ஆபீஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாளத்தை, அதாவது பீட், போட ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எந்தப் பெட்டி என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு வருஷமும் என் மனைவியின் தொண்டையும் தேவைப்பட்டன.

அந்த ஆசைக்கு உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. நாற்பத்துமூன்று வயது. பள்ளிக்கூட நாளில் மிருதங்க வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் வாத்தியார் என் அப்பாவைக் கூப்பிட்டு, பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, அதில் கவனம் செலுத்தச் சொல்லுங்கள் என்றார். அதோடு என் சங்கீத வாழ்க்கை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நாற்பது வயதில் சிலருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடிக்கும், சிலர் மாரத்தான் ஓடுவார்கள். எனக்கு இது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பீட் போடுவதற்குக் கம்ப்யூட்டரே போதும். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண் பூத்துப்போனவனுக்குக் கையால் தட்ட ஒரு சாமான் வேண்டும். அதில் இரண்டு வகை. டிரம் மெஷினில் சத்தங்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். தொம் என்கிற கிக், சட் என்கிற ஸ்னேர், கைத்தட்டல், சிஞ்சா. பிளக்கைச் சொருகினால் அரை மணியில் அக்கம்பக்கத்தைக் கூட்டிவிடலாம். சாம்ப்ளரில் ஒன்றுமே இருக்காது. பதினாறு ரப்பர் பட்டன்கள், அவ்வளவுதான். கதவு சாத்துகிற சத்தமோ தும்மலோ எதுவானாலும் நாம்தான் பதிவு செய்து, நறுக்கி, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்று என்று வைக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் தும்மும். ஒன்று கட்டில் பீரோவோடு வாடகைக்கு விடுகிற வீடு, மற்றது வெறும் நாலு சுவர்.

இதில் எது எனக்குச் சரி? ஒரு அட்டவணை போட்டேன். இடது பக்கம் டிரம் மெஷின், வலது பக்கம் சாம்ப்ளர். பட்டனின் மென்மை, பேட்டரியின் ஆயுள், திரையின் வெளிச்சம், ஹெட்போன் சொருகும் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உட்பட எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தேன். இரண்டும் சமமாக வந்தன. மதிப்பெண் கொடுக்கும் முறையை மாற்றினேன். மறுபடியும் சமமாக வந்தன. இந்த இரண்டு வருஷத்தில் நான் போட்ட பீட்டுகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

சனிக்கிழமை தோறும் தி.நகருக்குப் போவேன். பாண்டி பஜாரிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், மாடிப்படி ஏறிப் போகிற வாத்தியக் கடை. கண்ணாடி மேஜை மேல் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இதைக் கொஞ்சம் தட்டுவேன், அதைக் கொஞ்சம் தட்டுவேன், யோசிக்கிற மாதிரி தாடையைத் தடவுவேன், நன்றி சொல்லிவிட்டு இறங்குவேன். அங்கே விற்பனையில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், வியாசர்பாடிக்காரர். ஆரம்பத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு தண்ணீர் மட்டும். கடைசியில் பேச்சு மட்டும் மிஞ்சியது.

"இன்னா சார், ரெண்டு வருசமா பொண்ணு பாத்துக்கினே கீறீங்க. எப்ப சார் தட்டு மாத்துறது?"

"ரெண்டுமே நல்லா இருக்கே, அதான்."

"ரெண்டையும் கட்டிக்கினு போய்டுங்க. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒருவேளை சாம்ப்ளர் வாங்கினால் உபயோகப்படட்டும் என்று முன்னேற்பாடாகச் சத்தங்களையும் சேர்த்துக்கொண்டிருந்தேன். போனில் முந்நூறுக்கு மேல் இருந்தன. மந்தைவெளியில் பறக்கும் ரயில் நிற்கிற கீச்சு, இளநீர்க்காரர் மூன்றே வெட்டில் சீவுகிற சத்தம், எங்கள் லிஃப்டின் கதவு, தேங்காய்த் துருவி, குக்கர், மாடவீதியில் பூட்டுகிற கடைகளின் ஷட்டர். வீட்டுச் சத்தங்களைப் பிடிக்கும்போது வீடு அமைதியாக இருக்க வேண்டும். அதனால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டுவேன்.

"உள்ளே என்ன பண்ணிண்டிருக்கேள்? யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று வெளியிலிருந்து குரல் வரும்.

அது என் மனைவி. அவள் நாட்டிய ஆசிரியை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில்தான் வகுப்பு. சோபா இருக்கவேண்டிய இடத்தில் தினம் சாயங்காலம் பன்னிரண்டு குழந்தைகள் குதிக்கும். கீழே கார்கள் நிறுத்துகிற இடம் என்பதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, முன்னால் ஒரு மரக்கட்டையை வைத்து, குட்டையான கழியால் அதைத் தட்டிக்கொண்டே சொற்கட்டு சொல்வாள். தெய்யா தெய், தெய்யா தெய். ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் கழி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். சொற்கட்டுக்கு நடுவில் திட்டும் உண்டு. "கை கீழே போறது. உட்காரு. இன்னும் உட்காரு. மூஞ்சியைத் தூக்கு." இதை ஒரு மைக்கும் இல்லாமல், மின்விசிறியையும் ஜன்னலுக்கு வெளியே போகிற தண்ணீர் லாரியையும் தாண்டி, பதினைந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

நவராத்திரி சமயத்தில் அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தது. மிளகுப் பால், சுக்கு, வெந்நீர் எல்லாம் நடந்தது. என் பங்குக்கு நான், பழைய டேப்பில் பதிவு செய்த மாதிரி இருக்கிறது, இப்போது இந்தச் சத்தத்துக்குத்தான் மவுசு என்று சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கார்த்திகை முடிவதற்குள் பாதிச் சொல்லில் குரலே நின்றுபோய் வெறும் காற்று வர ஆரம்பித்தது. அடையாறில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் முடிச்சு இருக்கிறது என்றார் அந்த அம்மாள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல். முடிச்சு சுருங்கினால் நல்லது, சுருங்காவிட்டால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பழையபடி வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வாரத்தில் நாலு குழந்தைகளுக்குச் சலங்கை பூஜை. முதல் தடவையாகக் காலில் சலங்கை கட்டி, சபைக்கு முன்னால் ஆடுகிற நாள். மயிலாப்பூரில் மண்டபம் எடுத்து, தாம்பூலப் பைக்குக் கூடச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் ஆட இருந்தது அலாரிப்பு. அதில் பாட்டு கிடையாது, முழுக்க முழுக்கச் சொற்கட்டுதான். ஆசிரியை சொல்லச் சொல்ல ஆட வேண்டும். ஆசிரியைக்கோ குரல் இல்லை.

தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். குழந்தைகள் விளையாடுகிற, எழுதிவிட்டு இழுத்தால் எழுத்து அழிந்துபோகிற சிலேட் ஒன்றை மடியில் வைத்திருந்தாள். தலையாட்டி மறுத்தாள். வேறு யாரையாவது சொல்லச் சொல்லலாமா? "மார்கழி, தை. யார் ஃப்ரீ?" என்று எழுதினாள். சரி, சிடி போட்டுவிடலாமா? சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவள் முகம் வாடிக்கிடந்த அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஒரு மூலையில் பட்டாசு வெடித்தது. பெட்டி வாங்க எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அட்டவணை வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், குடும்பத்தின் அவசரத் தேவை. மறுநாள் சனிக்கிழமை. கடை திறப்பதற்கு முன்பே மாடிப்படியில் நின்றேன்.

டிரம் மெஷினை வாங்கினேன்.

ஏன் அது என்று இன்றைக்கும் விளக்க முடியாது. விளக்குகள் வரிசையாக ஓடுகிற அழகில் மயங்கியிருக்கலாம். விற்பனையாளர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். "மெய்யாலுமா சார்?" மெய்யாலுமே வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்து, அதில் இருந்த சத்தங்களில் மரத்தைத் தட்டுகிற மாதிரியான ஒன்றைத் தேடிப் பிடித்து, மூன்று காலத்திலும் ஓடுகிற மாதிரி அமைத்தேன். அடிபிறழாமல் டக் டக் டக் என்று போயிற்று. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மந்திரவாதி துணியை எடுக்கிற மாதிரி பட்டனை அழுத்தினேன்.

பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிலேட்டை எடுத்து எழுதினாள். "கை நன்றாகத்தான் இருக்கிறது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கழியைத் தட்ட அவளால் முடியும். போனது குரல். தொண்டை கெட்டவளுக்கு நான் ஒரு புதுக் கை வாங்கி வந்திருந்தேன். ஊரார் எழுதுவதில் எல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிற எனக்கு, இரண்டு வருஷ ஆராய்ச்சிக்குப் பின்னால் வாய்த்த முடிவு இது. அவள் கழியை எடுத்து, மெஷினோடு சேர்ந்து மரியாதைக்கு நாலு தட்டுத் தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டியை அதன் தெர்மோகோலோடு தூக்கிக்கொண்டு மறுபடியும் மாடிப்படி ஏறினேன்.

"இன்னா சார், நாலு நாள்ல டைவர்ஸா? மெஷின்ல எதுனா கோளாறு கீதா?"

"மெஷின்ல ஒண்ணும் இல்ல. எனக்குப் பேசுற பெட்டி வேணும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் கிண்டலை விட்டுவிட்டார். "மொதல்லயே இத்தச் சொல்லிருந்தா நானே சாம்ப்ளர எட்த்துக் குட்த்துருப்பேனே சார். அண்ணிக்கு ஒண்ணும் ஆவாது, போங்க," என்று மாற்றிக் கொடுத்தார். அன்றைக்கு மறுபடியும் டீ வந்தது.

காலிப் பெட்டி வீட்டுக்கு வந்தது. இப்போது அதில் போட அவள் குரல் வேண்டும். அவள் பேசக் கூடாது. அதனால் என்ன, என்னிடம்தான் முந்நூறு பதிவுகள் இருக்கின்றனவே. வீட்டில் எடுத்தவையே நூற்றுக்கு மேல். எதிலாவது பின்னணியில் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாகக் கேட்டேன்.

தேங்காய்த் துருவி. கர் கர். நடுவில் அவள் குரல், "ஏன்னா, அந்த..." உடனே என் குரல், "ஷ்ஷ்." அமைதி. கர் கர்.

குக்கர். "நாளைக்குக் கார்த்தால..." "ஷ்ஷ், ரெக்கார்டிங் போயிண்டிருக்கு." அமைதி. விசில்.

பிளாஸ்டிக் பக்கெட். கதவைத் தட்டுகிற சத்தம். "உள்ளே என்ன..." "கொஞ்சம் பேசாம இரேன்!"

ஒன்று பாக்கியில்லாமல் இப்படித்தான். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள், நான் அடக்குவேன், அவளும் அடங்கிவிடுவாள். நாளைக்குக் காலையில் என்ன என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. தேதியைப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. டாக்டர் சொல்லி அவள் வாயை மூடியது ஒரு வாரத்துக்கு முன்னால். நான் இரண்டு வருஷமாக மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். என்னவென்று சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் குரல் கிடைத்தது வகுப்புத் தாய்மார்களிடம். வீட்டில் பயிற்சி செய்வதற்காக அவள் சொற்கட்டைப் போனில் பேசி அனுப்புவது வழக்கம். ஒரு தாயார் அழிக்காமல் வைத்திருந்தார். அலாரிப்பு முழுவதும் இருந்தது. தாம் தித் தாம் தெய் தத் தெய். இடையிடையே, எதிரில் இல்லாத குழந்தைகளுக்கு முன்கூட்டியே விழுகிற திட்டு. "இந்த எடத்துல எழுந்துப்பே, எனக்குத் தெரியும். உட்காரு!"

லீவு போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லாக நறுக்கினேன். பின்னணியில் இருந்த மின்விசிறியை எடுத்தேன், கரகரப்பை எடுத்தேன், திட்டுகளை எல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டேன். கண்ணாடி மாதிரி துடைத்து, பன்னிரண்டு பட்டன்களில் பன்னிரண்டு சொல். அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தபோது முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். "சிடிதானே?" என்று எழுதினாள். இல்லை, ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த நேரத்தில் அழுத்தினால்தான் வரும் என்றேன். "தப்பு வருமா?" தாராளமாக வரும் என்றேன். "அப்போ சரி."

அன்று சாயங்காலம் வகுப்பில் அவள் கழியைத் தட்ட, நான் பட்டன்களை அழுத்தினேன். குழந்தைகள் ஆடினார்கள். ஆனால் என்னமோ போல் இருந்தது. முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து ஆட வேண்டியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, மூன்றாவது நிமிஷத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு கையை மட்டும் வீசினார்கள். நான் சத்தத்தைக் கூட்டினேன். பலனில்லை. அவள் கழியை வைத்துவிட்டு எழுதினாள். "திட்டு எங்கே?"

எடுத்துவிட்டேன் என்றேன், பெருமையாக.

"அதுதான் பாடம்."

குப்பையிலிருந்து திட்டுகளைப் பொறுக்கி வந்து மிச்சமிருந்த கடைசி வரிசையின் நாலு பட்டன்களில் வைத்தேன். "உட்காரு!" ஒன்று. "கை!" ஒன்று. "சிரி!" ஒன்று. "மறுபடியும்!" ஒன்று. மறுநாள் முதல் தடவை "உட்காரு!" என்று பெட்டி கத்தியதும் பன்னிரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் நாலு அங்குலம் இறங்கினார்கள். டீ கொண்டுவந்த எங்கள் வீட்டு வேலைக்கார அம்மாகூடச் சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னாப்பா இது, வாயத் தொறக்காமயே அதட்டுது!" என்றார்.

வகுப்பில் என் உதவி இரண்டே நாள்தான் தேவைப்பட்டது. வலது கையில் கழி, இடது கை விரல் பட்டனில் என்று அவளே பழகிக்கொண்டாள். நான் இரண்டு வருஷம் படித்த விஷயத்தை அவள் இரண்டு நாளில் கையில் பிடித்துவிட்டாள். ஆனால் மேடையில் கழி கிடையாது, ஜால்ரா மாதிரி மோதுகிற ஜோடித் தாளம்தான். இரண்டு கையும் வேண்டும். ஆக, மேடையில் பட்டனை அழுத்த என்னை விட்டால் ஆள் இல்லை. மிருதங்க வாத்தியார் மூன்றே மாதத்தில் கைவிட்ட ஆளை அவள் மூன்று வாரத்தில் தயார் செய்ய வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் தயார் செய்தாள். நான் பிந்தினால் கழி என் முழங்காலில் இறங்கும். முந்தினாலும் இறங்கும். வெளியே மயிலாப்பூர் முழுக்க மைக் வைத்துப் பாடிக்கொண்டிருந்த மார்கழியில், எங்கள் வீட்டில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சலங்கை பூஜை அன்று நான் வேஷ்டி கட்டி, மேடையின் வலது ஓரத்தில், அவளுக்கும் மிருதங்கம் வாசிக்க வந்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மிருதங்கக்காரர் என் பெட்டியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கத் திரும்பிவிட்டார். நாலு குழந்தைகளும் சலங்கையை வணங்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். தாம் தித் தாம் தெய் தத் தெய். அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. சபையில் இருந்த பழைய மாணவிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கண் கழுத்து தோள் முடிந்து, பாதி தாண்டி, முக்கால் தாண்டி, முடித்து வைக்கிற தீர்மானம் ஒன்றுதான் பாக்கி. நான் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. அதை நினைத்து எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் விரல் ஒரு வரிசை கீழே இறங்கியது.

"மறுபடியும்!" என்றது பெட்டி.

எட்டு மாதமாக அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து பழகிய நாலு குழந்தைகளும் ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை. கையைத் தலைக்கு மேல் குவித்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தாளம் நிற்கவில்லை. கண் அசையாமல் முதல் அடிக்குப் போய்விட்டாள். மிருதங்கக்காரர் என்னை முறைத்துக்கொண்டே கூட வந்துவிட்டார். நானும் வேறு வழியில்லாமல் முதல் பட்டனுக்குப் போனேன். அன்று மயிலாப்பூரில் ஒரே அலாரிப்பு இரண்டு தடவை நடந்தது. இரண்டாம் தடவைதான் குழந்தைகள் இன்னும் நன்றாக ஆடினார்கள். பயம் தெளிந்திருந்தது. முடிந்ததும் முன்வரிசை மாமா ஒருவர் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பழைய பத்ததியை இப்பல்லாம் யார் காப்பாத்திண்டு வரா?" என்று உருகினார். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். அவருக்குப் பின்னால் அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஆறு வாரம் முடிந்தது. மறுபடியும் அடையாறு. மறுபடியும் மூக்கில் குழாய். நான் அறையின் மூலையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. குரல் வராமலே போனால் என்ன ஆகும் என்று அதுவரை நான் யோசிக்காமல் இருந்ததற்குக் காரணம் பெட்டிதான் என்று அப்போது தெரிந்தது. டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முடிச்சு நன்றாகச் சுருங்கியிருக்கிறது, கத்தி வேண்டாம் என்றார்.

"ஏதாவது பேசுங்கோ. வகுப்புல மாதிரி இல்ல, வீட்ல சாதாரணமா பேசற மாதிரி."

அவள் என் பக்கம் திரும்பினாள். தொண்டையைச் செருமினாள். "ஆத்துக்குப் போலாமா?" என்றாள்.

மெல்லிய குரல். கொஞ்சம் கனமாக, கொஞ்சம் காற்றோடு. டாக்டர் என்னைக் கேட்டார்.

"முன்னாடி இருந்த மாதிரியே இருக்கா சார்? இல்ல மாறியிருக்கா? கூடவே இருக்கறவர் நீங்கதான் சொல்லணும்."

இரண்டு மெஷின்களின் கிக் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்வேன். ஒரே மெஷினின் பழைய மாடலையும் புது மாடலையும் கூடச் சொல்லிவிடுவேன். பெட்டியில் இருக்கிற தெய்யும் தாமும் எனக்கு மனப்பாடம். ஆனால் அது வகுப்புக் குரல். எதிரில் உட்கார்ந்து, காபி டம்ளரோடு, என்னிடம் பேசுகிற குரல் எப்படி இருந்தது? பதினாறு வருஷக் கல்யாணத்தில் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

"எனக்குத் தெரியலை டாக்டர்," என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. ஆச்சரியப்பட்டிருந்தாலும் தேவலை. இரண்டும் இல்லாமல், தெரியும் என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினாள். டாக்டர் ஏதோ எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்துக்கு நாளொன்றுக்குப் பத்தே நிமிஷம்தான் பேசலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இன்றைய பத்து நிமிஷத்தைச் சாயங்கால வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழியில் வீணாக்காதீர்கள் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். சிக்னல் தாண்டியதும் பின்னாலிருந்து ஆரம்பித்தாள்.

"ஆறு வாரமா நீங்க வெக்கற ரசத்துல உப்பே இல்லை. எழுதிக் காட்ட மனசு வரலை."

"பேசாதே, வகுப்புக்கு வேணும்," என்றேன்.

"நீங்க ஓட்டுங்கோ." ஹெல்மெட்டுக்குள் பாதிதான் காதில் விழுந்தது. ஓரமாக நிறுத்தி, அதைக் கழற்றி முன்னால் கொக்கியில் மாட்டினேன். பாலத்தில் போலீஸ்காரர் பிடித்தால் பிடிக்கட்டும். அவள் தொடர்ந்தாள். அன்று மேடையில் என் முகம் போன போக்கு. மிருதங்கக்காரர் இறங்கி வந்து அவளிடம் கேட்ட கேள்வி. ராத்திரியில் எழுந்து குரல் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றி, பார்த்துவிட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தது. அடையாறு பாலத்தின் மேல் இருபதில் ஓட்டினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து என் குடும்பத்தை விசாரித்துவிட்டுப் போனார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள் காத்திருந்தன. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷமும் தீர்ந்திருந்தது, வகுப்புக்கு அவள் ஒரு சொல்கூட மிச்சம் வைக்கவில்லை.